வயது குறையும் கல்

நிலவிலிருந்து வந்த அந்தக் கறுப்பு எரிமலைக்கல் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அதிலிருந்து துளி சுரண்டி, அதிலுள்ள ஈயத்தை அளந்து, அந்தக் கல் எப்போது எரிமலைக் குழம்பாக வெளியே வழிந்தது என்று சொல்வது ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை. முதல் சோதனையில் முந்நூறு கோடி ஆண்டு என்று வந்தது. மறுவாரம் இருநூறு கோடி. அடுத்த முறை பத்துக் கோடிகூடத் தேறவில்லை.

அளக்கும் கருவியைப் பார்த்துக்கொள்பவர் அவள் கணவர். பூமிப் பாறை ஒன்றை வைத்துச் சரிபார்த்தார். அதன் வயது இம்மி பிசகாமல் வந்தது.

“மெஷின் மேல பழி போடாத. நீதான் கல்லை மாத்தி எடுத்திருப்ப.”

“பெட்டியில இருக்கிறதே ஒரு கல்லுதாங்க. நிலா எப்பவோ ஆறிப்போச்சுன்னு இருபது வருஷமா எழுதிட்டிருக்கேன். நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுவேன்?”

மாலையில் கடைசியாக ஒருமுறை அளந்தார்கள். அவர் திரையருகே குனிந்து எண்ணைப் பார்த்தார்.

“எவ்வளவுங்க?”

“இன்னும் பொறக்கவே இல்லையாம்” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அவள் கல் இருந்த கண்ணாடிப் பெட்டியில் பொருத்தியிருந்த கையுறைக்குள் கையை நுழைத்துக் கல்லைத் தொட்டாள். சுரீரென்று சுட்டது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

இருவரும் கண்ணாடி வழியே குனிந்து பார்த்தார்கள். கல்லின் கூரான விளிம்புகள் மழுங்கியிருந்தன. அது இருந்த எஃகுத் தட்டின் ஓரத்திலிருந்து சிவப்பாக ஒரு சொட்டு, அவசரமே இல்லாமல், கீழே நீண்டுகொண்டிருந்தது.