பாலத்தின் மேல் மாட்டு லாரி

மேம்பாலத்தின் நட்டநடுவில் லாரி நிற்கிறது. முன்னால் ஏதோ டேங்கர் கவிழ்ந்து கிடக்கிறதாம். ஓடும்வரை வீசிய காற்று நின்றுபோனதில், பின்னால் நெருக்கி ஏற்றியிருக்கும் பசுக்கள் வாய் பிளந்து இரைக்கின்றன. எச்சில் நூல் நூலாகத் தொங்குகிறது. விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று டிரைவர் தலைபாடாக அடித்துக்கொண்டார், ஏற்றிவிட்டவர்கள் கேட்கவில்லை. பக்கப் பலகையில் தொற்றிக்கொண்டு, கேனில் மிச்சமிருந்த தண்ணீரை எட்டிய கழுத்துகளில் ஊற்றுகிறார். கையில் இரும்பு சுடுகிறது. பாலத்துக்குக் கீழே, தெருவில், குளுகுளுவென்று நிழல்.

“மாமா, செவலை படுத்துருச்சு,” என்கிறான் கூட வந்திருக்கும் மச்சான்.

“வாலை முறுக்கி எழுப்புடா.”

“பாத்துட்டேன். கண்ணைத்தான் உருட்டுது.”

டிரைவர் இறங்கிப் பின்னால் நிற்கும் காரின் கண்ணாடியைத் தட்டுகிறார். “கொஞ்சம் பின்னால போனீங்கன்னா, நான் கீழ நிழலுக்கு இறங்கிடுவேங்க.”

“எங்கங்க போறது? எனக்குப் பின்னால ஊரே நிக்குது.”

அந்த நேரம் பார்த்து முன்வண்டிகள் நகர்கின்றன. ஹாரன்கள் காதைக் கிழிக்கின்றன.

“கொஞ்சம் இரு மாமா, ரெண்டு பேருமா தூக்கி நிறுத்திடலாம்.”

“வண்டி இன்னும் நின்னா மத்ததும் விழும்டா. ஏறு.”

லாரி கிளம்புகிறது. காற்று பட்டதும் பசுக்கள் முகத்தைத் தூக்குகின்றன. வண்டி குலுங்கும்போதெல்லாம் குளம்புகள் இடம் மாறுகின்றன. பலகையில் விழும் குளம்பு எது, செவலையின் மேல் விழும் குளம்பு எது என்று டிரைவரின் காதுக்குத் தனித்தனியாகத் தெரிகிறது. அவர் வேகத்தைக் கூட்டுகிறார்.