அடிக்காத பியானோ மாஸ்டர்

பியானோவில் கறுப்புக் கட்டை தவறிப்போனது காதில் விழுந்ததும் வியாகுலம்மாள் வளையல்களைக் கழற்றி உப்பு ஜாடி மூடிமேல் வைத்தாள்.

கண்ணாடி வளையல். கையில் கிடக்கும்போது அடி விழுந்தால் உடைந்து சதைக்குள் இறங்கிவிடும். கல்யாணமான வருஷமே கற்றுக்கொண்டது அது.

முன்னறையில் நாற்காலி நகர்ந்தது. "முதல்லேருந்து வாசிம்மா" என்று அவள் புருஷன் நல்லதம்பி மாஸ்டர் பாடத்துக்கு வந்த குழந்தையிடம் சொல்வது கேட்டது. என்ன பதமான குரல் அந்த மகராசனுக்கு.

மறுநாள் காலை பியானோ பரீட்சை. சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகியும் இந்தப் பரீட்சைக்கு லண்டனிலிருந்து வெள்ளைக்காரர்தான் வர வேண்டும். கான்வென்ட் ஹாலில் பேனாவும் கையுமாக உட்காரப்போகிறார்.

ஸ்ரீரங்கத்து வக்கீல் மகள் ரங்கநாயகிக்கு முதல் கிரேடு. மூன்று பாட்டில் இரண்டு படிந்துவிட்டது. மூன்றாவது, படைக்காரர்கள் நடந்துபோகிற மாதிரி ஒரு குட்டி மார்ச். கடைசி வரியில் சுண்டுவிரல் எட்டிப்போய்க் கறுப்புக் கட்டையைத் தொட வேண்டும். அந்தப் பிஞ்சு விரல் எட்டினால்தானே.

மாஸ்டர் ரூல்தடியோடு சமையற்கட்டுக்குள் வந்தார். கதவைச் சாத்தவில்லை. அவர் ஒருநாளும் சாத்தியதில்லை; ஆத்திரத்தில் மறந்துவிடுகிறார் என்று அவள் நினைத்திருந்தாள்.

முதல் அடி தோளில்.

இரண்டாவது முழங்கை எலும்பில் படீரென்று விழுந்தது. வியாகுலம்மாள் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். குழந்தைக்குக் கேட்டுவிடக் கூடாதே என்பதுதான் எப்போதும் அவளுக்குக் கவலை.

மேலப்புதூர் முழுக்க மாஸ்டருக்கு நல்ல பெயர். அடியாத மாடு படியாது என்பார்கள். மற்ற மாஸ்டர்களெல்லாம் அதை நம்பி விரல் முட்டியில் போட்டுத்தான் பியானோ சொல்லிக்கொடுத்தார்கள். இவரோ ஒரு குழந்தைமேல் விரல்கூடப் படாமல் அத்தனை பேரையும் பாஸ் பண்ண வைத்துவிடுகிறார். தங்கமான மனுஷன் என்றார்கள். அவரிடம் பிள்ளையைச் சேர்க்க சர்ச் வாசலில் காத்துக்கிடந்தார்கள்.

வியாகுலம்மாளுக்கும் அதில் ஒரு பெருமை உண்டு. கேட்டால் சிரிப்பீர்கள். ஆத்திரக்காரர், எங்கேயாவது கொண்டுபோய் இறக்கித்தானே ஆக வேண்டும். ஊரார் பிள்ளைமேல் விழ வேண்டியது நம்மேல் விழுந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள். அவளுக்கென்று பிள்ளை இல்லை.

வருகிற பிள்ளைகளும் அவள்மேல் உயிராக இருந்தன. பாலக்கரை மளிகைக்கடைக்காரர் மகள் கடலைமிட்டாய் கொண்டுவருவாள். ரங்கநாயகி வாரம் தவறாமல் கோயில் பிரசாதத்தை இலையில் மடித்து எடுத்துவருவாள். கொடுக்கும்போது எந்தப் பிள்ளையும் நிமிர்ந்து பார்க்காது. கூச்சம் என்று நினைத்து இவள் கன்னத்தைக் கிள்ளி அனுப்புவாள்.

மூன்றாவது அடி முதுகில்.

மாஸ்டர் மறுபடி கையை ஓங்கியபோது பியானோ நின்றுவிட்டது. சமையற்கட்டு வாசலில் ரங்கநாயகி வந்து நின்றாள். பாவாடையை இரண்டு கையாலும் கசக்கிப் பிடித்திருந்தாள்.

"மன்னிச்சுக்கோங்கோ மாமி. நான் தப்பு பண்ணினா உங்களுக்கு அடி விழும்னு சார் மொதல் நாளே சொல்லிட்டார். நானும் நன்னா நீட்டித்தான் பாக்கறேன். விரல் எட்ட மாட்டேங்கறது மாமி."

வியாகுலம்மாள் முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

அதில் ஆத்திரமே இல்லை. ஒரு சொட்டு வியர்வைகூட இல்லை. தப்பைத் திருத்துகிற முகம்.

"போய் உக்காரும்மா" என்றார், அதே பதமான குரலில். "இப்ப எட்டும் பாரு."

கடலைமிட்டாய் கொடுத்த பிள்ளை, தலை நிமிராத பிள்ளை, போன வருஷம் பாஸ் பண்ணிவிட்டு அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுத பிள்ளை, எல்லாம் தெரிந்துதான் திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வாசித்திருக்கின்றன. அவள் முந்தானையைக் கடித்ததெல்லாம் வீண். அவள் உடம்பைத் தடியாக வைத்துக்கொண்டு இத்தனை பிள்ளைகளையும் அடித்திருக்கிறான், பாவி.

தான் வாங்கிய அடிகளுக்கு அவள் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. இதற்குப் பட்டாள்.

மாஸ்டர் முன்னறைக்குப் போனார். அவளும் பின்னாலேயே வந்தாள்.

ரங்கநாயகி இன்னும் உட்காரவில்லை. சுவரோரம் ஒண்டி நின்றாள். மாஸ்டர் பியானோவின்மேல் குனிந்து, வலது கையை அகல விரித்து, சுண்டுவிரல் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கட்டைமேல் வைத்துக் காட்டினார்.

வியாகுலம்மாள் பியானோ மூடியை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி இறக்கினாள்.

எலும்பு முறிந்தது. அவன் அலறினான். அவள் விடவில்லை. வீங்கிய முழங்கையை மூடிமேல் ஊன்றி, உடம்புப் பாரத்தையெல்லாம் அதில் போட்டு அழுத்தினாள். உள்ளே நசுங்கிய கைக்குக் கீழே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒலித்தன.

அத்தனையும் தப்பு.

ரங்கநாயகி ஓடிவந்தாள். வியாகுலம்மாளின் முதுகோடு முதுகாக ஒட்டி நின்று, அவள்மேல் இனி அடி விழாமல் இருக்க இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டாள்.