ரெண்டில் ஒன்று

ஞானசேகர் வீட்டில் ஒரு வாரமாக இரண்டு புதுச் சாமான்கள் இருந்தன. வாசலுக்கு மேலே கேமரா. கூடத்தில், லைட், ஃபேன், அலாரம் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் ஸ்மார்ட் ஹப். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு.

அன்று காலை குடும்பம் கல்யாணத்துக்குக் கிளம்பியது. கதவைப் பூட்டினார்கள். சாவி வழக்கம்போல மீட்டர் பெட்டிக்குள் போனது.

கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவன் கேட்டைத் திறந்தான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

"யாரது? சொல்லு, அலாரம் அடிக்கிறேன்," என்று கூடத்திலிருந்து கேமராவைக் கேட்டது ஹப்.

இது அடித்தால் நல்ல பேர் இதற்குத்தான் போகும் என்று கேமரா நினைத்தது. "நீ உன் வேலையைப் பாரு," என்றது.

அவன் நேராக மீட்டர் பெட்டிக்குப் போனான்.

"இப்பவாவது சொல்லித் தொலை," என்று கெஞ்சியது கதவுப் பூட்டு.

"இரு, முகம் இன்னும் சரியா விழலை," என்றது கேமரா.

பூட்டு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. ஆனால் நுழைந்தது அதன் சொந்தச் சாவி. திறந்துகொண்டது.

சாவி போட்டுத் திறப்பவர் வீட்டுக்காரர் என்றுதான் ஹப்புக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அது லைட்டைப் போட்டு, ஃபேனைச் சுழலவிட்டு, "வணக்கம், வாங்க," என்றது.

சாயங்காலம் ஞானசேகர் காலி பீரோ முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணு மட்டும் பத்தாதுங்க, ரெண்டுமே இருக்கட்டும்," என்றாள் மனைவி கலாவதி. அவரும் தலையாட்டினார்.

மறுநாள் காலை இருவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்கள். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியை மீட்டர் பெட்டிக்குள் வைத்தார்கள்.