மாணவ மாமணி

டெல்லியில் அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேருகிறவர்களில் பொறுக்கியெடுத்த பத்துப் பேருக்கு மட்டும் ‘மாணவ மாமணி’ பட்டம் கொடுப்பார்கள். இந்த வருஷம் அதில் ஒருத்தி பேட்டை பிருந்தா.

“பொம்பளப் பிள்ளைக்கு டெல்லி எதுக்கு?” என்று குதித்துக்கொண்டிருந்த பெரியப்பா ஞானசம்பந்தன், பட்டம் என்றதும் அப்படியே மாறிவிட்டார். சேதியை ஊருக்குச் சொல்கிற ஏற்பாட்டையெல்லாம் தானே பார்த்துக்கொண்டு, வழியனுப்ப ஜங்ஷனுக்கும் வந்துவிட்டார்.

பிளாட்பாரத்தில் பேட்டையே திரண்டிருந்தது. முதல் மாலை அவர் கழுத்தில்தான் விழுந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது.

“இந்த வயசுலயும் படிக்கணும்னு தோணுச்சு பாருங்க அண்ணாச்சி!” என்றார் டீக்கடை நடராஜ்.

“யாரு வே படிக்கப் போறது?”

“அடக்கத்தப் பாருங்கலே!” என்று கூட்டம் சிரித்தது. “குளிருக்குக் கம்பளி எடுத்துக்கிட்டியளா?” என்று ஒருவர் கேட்டார்.

விசில் ஊதியதும் நாலு பேர் அவரை அலாக்காகத் தூக்கிப் பெட்டிக்குள் ஏற்றினார்கள்.

“ஏலே, விடுங்கலே! போறது அவதாம்லே!”

சன்னலோரம் உட்கார்ந்திருந்த பிருந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“என்னட்டி நடக்குது இங்கன?”

“எல்லாம் நீங்க அடிச்ச போஸ்டர்தான் பெரியப்பா. உங்க படத்த அவ்வளவு பெருசாப் போட்டா எம்படத்துக்கு இடமில்லன்னு பிரஸ்காரர் சொன்னாராம். ‘அப்போ அவ படத்தத் தூக்கிரும் வே’ன்னு நீங்கதான சொன்னிய?”

ரயில் நகர்ந்தது.

“நல்லாப் படிங்க அண்ணாச்சி!” என்று கூடவே ஓடிவந்தார் நடராஜ்.