இடது இறக்கை

கட்டிய கணவனுக்குக் கமலாசனி மூன்று முறை துரோகம் செய்திருந்தாள். மூன்று முறையும் ஒரே சேப்டி பின்னைக் கொண்டு.

இன்று நான்காவது முறை.

பேராதனையில் அவர்கள் இருந்த வாடகை வீட்டின் கராஜில் கார் இல்லை. ஆகாய விமானம் ஒன்று இருந்தது. ஒருவர் மட்டுமே ஏறக்கூடியது. மரச்சட்டம், அதன்மேல் துணி, மூக்கில் ஒரு பழைய வோக்ஸ்வேகன் காரின் எஞ்சின். பொறியியற் பீடத்தில் படித்த மகன் தனபாலன் தபாலில் வரைபடம் வரவழைத்துத் தொடங்கிய வேலை அது. இடது இறக்கையை முடித்து, துணியும் தைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகாவலி ஆற்றில் குளிக்கப் போனான். மூன்றாம் நாள் கெட்டம்பேக் கரையில் உடலை எடுத்தார்கள்.

மிகுதியை நான்கு வருடமாகத் தகப்பன் நவரட்ணராஜா கட்டினார். அதே பீடத்துப் பட்டறையில் அவர் போர்மன். அயல் அவரைப் பைத்தியம் என்றது. அப்படிச் சொல்லப் படிப்புத் தேவையில்லை. ஆனாலும் படித்தவர்களே அதிகம் சொன்னார்கள்.

விமானத்தில் இப்போது குறை ஒன்றே ஒன்று. இடது இறக்கையின் நுனியில் காற்றை வாங்கி, இறக்கைக்குள்ளால் ஓடி, வேகம் காட்டும் முள்ளுக்குக் கொண்டுபோகும் மெல்லிய குழாய். மகன் விட்டிருந்தது காய்ந்து வெடித்துவிட்டது. புதிதாக விட்டபின் ஒரு முனையில் மெதுவாக ஊதினால் முள் ஏறி, ஏறிய இடத்தில் நிற்க வேண்டும்.

ஏறியது. நிற்கவில்லை. எங்கோ ஓட்டை.

தின்னும் பாணுக்கே வரிசையில் நிற்கும் பஞ்ச காலத்தில், வைகாசியிலிருந்து மூன்று குழாய் மாற்றியாகிவிட்டது.

இறக்கையின் துணியைப் பிரித்தால் வேலை சுலபம். ஆனால் அது மகன் தைத்த தையல். பிரிக்க இருவருக்கும் கை வரவில்லை. கமலாசனிதான் வழி சொன்னாள்: பாவாடைக்கு நாடா கோப்பதுபோல, பழைய குழாயின் வாலில் புதியதைக் கட்டி இழுக்கலாம். இறக்கை நுனியில் நின்று அவள் புதியதை உள்ளே விடுவாள். பதின்மூன்று அடிக்கு அப்பால், விமானியின் இருக்கைக்குள் தலையை விட்டுக்கொண்டு அவர் இழுப்பார். அவள் கையை அவர் காணமாட்டார்.

நுனிப் பக்கச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. மகன் போன மாதத்தோடு நின்றுபோன கலண்டர். அவர் அதன் பக்கம் திரும்புவதே இல்லை. ஆகவே பின்னை அதன் பின்புறத்தில் குத்தி வைத்திருந்தாள்.

எல்லாம் சித்திரையில் தொடங்கியது. அவளுடைய தம்பி அம்பிகைபாகன், கண்டி அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், வருடப்பிறப்புச் சாப்பாட்டுக்கு வந்த இடத்தில் கேலியாகக் கேட்டான்.

“அத்தான், ஏறிறது சரி. எங்கை இறங்கப் போறியள்?”

“ஏறினாப் போதும். இறங்கிறதைப் பற்றி நான் யோசிக்கேல்லை.”

தம்பி சிரித்தான். அவரும் சிரித்தார். முப்பது வருடம் அந்த மனிதரோடு வாழ்ந்தவளுக்குப் பகிடி எது, பகிடியல்லாதது எது என்று தெரியும்.

வாய் திறந்து ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். மகாவலிக்குப் போனவனிடமும் அவள் அதைத்தான் சொன்னாள்.

ஓட்டைக் குழாயோடு அவர் எழும்ப மாட்டார். சாக நினைத்தாலும் வேலையைப் பிழையாகச் செய்ய மனம் வராத ஆள்.

ஆனால் இம்முறை விஷயம் வேறு. இரண்டு தடவை தள்ளிப்போன பரிசோதனைக்குச் சனிக்கிழமை இரத்மலானை விமான நிலையத்திலிருந்து ஆள் வருகிறது. அன்றும் பிழை இருந்தால் பறக்கும் அனுமதி ரத்து என்று கடிதம் வந்திருந்தது. குத்தினால், மகனின் இறக்கை இனி ஒருநாளும் மண்ணைவிட்டு எழும்பாது. குத்தாவிட்டால் இவர் இருக்கமாட்டார். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பாக்கியத்தைக் கடவுள் அவளுக்குக் கொடுத்திருந்தார்.

வியாழக்கிழமை காலை அம்பிகைபாகன் கராஜுக்குள் எட்டிப் பார்த்தான். வழக்கம்போல வாயும் கூடவே வந்திருந்தது.

“கழட்டின குழாயை ஒருக்கா வாளித் தண்ணியிலை அமத்திப் பாத்தியளே அத்தான்? குமிழி வாற இடம் ஓட்டை. சைக்கிள் கடைக்காரனுக்கும் தெரிஞ்ச வேலை.”

கமலாசனி கலண்டருக்கு முன்னால் போய் நின்றாள்.

“எலி,” என்றார் நவரட்ணராஜா. “எலியின்ரை வேலை.”

கழற்றியவற்றையெல்லாம் தானே குப்பையோடு எரித்தாயிற்று என்றார். பட்டறையில் ஓர் ஆணியைக்கூட எறியவிடாத மனிதர். மைத்துனன் தலையை ஆட்டிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனான். பிள்ளையாரின் வாகனத்திடம் கமலாசனி மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

வேலை தொடங்கியது. முடிச்சைப் போட்டாள்.

“இஞ்சேருங்கோ, கட்டீற்றன். இழுங்கோ.”

இந்தக் குழாய் தடித்த நைலோன். அவளுடைய பின்னோ மூன்று குத்தில் முனை மழுங்கி வளைந்திருந்தது. இறங்குமோ தெரியவில்லை. குழாய் ஒரு முழம் உள்ளே போயிற்று. இரண்டு முழம். கண்ணை மூடிக்கொண்டு கலண்டரின் பின்னால் கையை விட்டாள்.

வளைந்த பின் கையில் படவில்லை. கண்ணைத் திறந்து கலண்டரைத் திருப்பிப் பார்த்தாள். அது இருந்த இடத்தில் வேறொன்று குத்தியிருந்தது. பெரியது. பளபளத்தது.

குழாயின் அசைவு நின்றது. மறுபக்கத்தில் அவர் இழுப்பதை நிறுத்தியிருந்தார்.

“கமலா,” என்றது இருக்கைக்குள்ளிருந்து வந்த குரல். “ஆறுதலாச் செய். அது புதுப் பின், கையைக் குத்திப் போடும்.”