விண்கலத்துக்கு எட்டு மார்க்

“அந்தச் சாம்பல் நிறத் துண்டு பெட்டியில வரவே இல்ல மாமி. இனி தேடிப் பிரயோஜனம் இல்ல” என்றாள் பெபிஷா. வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் ஒரு மணி நேரமாகத் துழாவிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசை முழுக்கப் பிளாஸ்டிக் துண்டுகள், மூவாயிரத்துக்கு மேல்.

மாமியார் சத்தியபாய் அப்போதுதான் முந்திரிப்பருப்பு உடைக்கும் அண்டி ஆபீஸிலிருந்து வேலை முடிந்து வந்திருந்தாள். முகம் கழுவிய ஈரத்தோடு குனிந்து பார்த்தாள்.

“எப்பிடி இருக்கும்?”

“மூணு குமிழ் இருக்கும். ஒரு ஓரம் சரிஞ்சிருக்கும்.”

குவியலுக்கு மேலே கண்ணை ஒருமுறை ஓட்டினாள் சத்தியபாய். இரண்டு விரல் உள்ளே போய்த் திரும்பியது. “இதா?”

பெபிஷா வாயைப் பிளந்தாள்.

“இருபத்தஞ்சு வருசமா முழுப்பருப்பு வேற, உடஞ்ச பருப்பு வேறன்னு பிரிக்கேன் மக்கா. இது அதவிட எளுப்பம்.”

கல்யாணமாகிக் குலசேகரத்துக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது பெபிஷாவுக்கு. கணவன் ஜெனோ மஸ்கட்டில். இன்ஜினியரிங் படித்த அவள், வீட்டிலிருந்தே பார்க்கும்படி இணையத்தில் ஒரு வேலை பிடித்திருந்தாள். கம்பெனி அனுப்பும் பொம்மைப் பெட்டிகளைப் பிரித்து, துண்டுகளைச் சேர்த்துக் கட்டிப் பார்த்து, நிறைகுறை எழுதி மார்க் போட வேண்டும். கார், வீடு என்று சின்னச் சின்னதாக அனுப்பியவர்கள் முதல்முறையாக இந்தப் பெரிய விண்கலத்தை அனுப்பினார்கள். அது வந்த மறுநாளே தக்கலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி அனுப்பாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

“நான் கெட்டித் தாறேன்” என்றாள் சத்தியபாய்.

“ஐயோ மாமி, இதுல நானூறு படி இருக்கு.”

“நாலு நாளும் இருக்குல்லா?”

பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கலாம் என்றுதான் பெபிஷா நினைத்தாள்.

“மாமி, இப்போ அந்த நீளத் துண்ட எடுத்து...”

“நீ ஒண்ணும் சொல்லாத மக்கா. நானே பாத்துக்கிடுதேன்.”

வழிகாட்டிப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு அதை யாரிடமும் கொடுக்கவில்லை. வேலைக்குப் போகும்போது அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனாள். என்னை நம்பவில்லையோ என்று பெபிஷாவுக்குச் சுருக்கென்றது.

மகன் கல்யாணத்துக்கே ஒரு நாள்தான் லீவு போட்டவள், வெள்ளியும் சனியும் லீவு சொன்னாள். காப்பி ஆறியது. சீரியல் நேரம் போயிற்று. விரலை வைத்துப் பார்ப்பாள், துண்டை எடுப்பாள், அழுத்துவாள். தப்பினால் சத்தமில்லாமல் பிரித்து மறுபடியும் கட்டுவாள்.

முதலில் வெறும் எலும்புக்கூடாக இருந்தது. பிறகு விலா வந்தது. விலாவின் மேல் வெள்ளைத் தகடுகள் மீன்செதில் மாதிரி அடுக்கடுக்காக ஏறின. பின்னால் ஐந்து இன்ஜின் வாய்கள் திறந்தன. சனிக்கிழமை மத்தியானம் சத்தியபாய் அதை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கியபோது, மடிந்திருந்த இறக்கைகள் தாமாகவே விரிந்து பூட்டிக்கொண்டன.



முப்பது பெட்டி கட்டியவள் பெபிஷா. இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

“இத உண்டாக்குனவன் யாருட்டி?” சத்தியபாயின் குரல் தாழ்ந்திருந்தது. “எங்க எனக்குக் கை தப்பும்னு அவனுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு பாத்தியா. அந்த எடத்துல வந்து நின்னு கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறான்.”

“பத்துக்கு எத்தன மார்க் போடலாம் மாமி?”

“எட்டு.”

“அவ்வளவுதானா?”

“பின்பக்கம் கனம் கூடுதல். முன்கால் தரையில பதியல. ஒரு விரலால தட்டு, ஆடும். அதுக்கு ஒரு மார்க் போச்சு. தொண்ணூத்திநாலாம் பக்கத்துல கறுப்பும் கருநீலமும் ஒண்ணுபோல அச்சாயிருக்கு. நானே ரெண்டு தடவ அழிச்சுக் கெட்டுனேன். அதுக்கு ஒண்ணு. இறக்கைக்குப் பத்துக்குப் பத்து.”

இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள் பெபிஷா. மாமி சொன்னதில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. கடைசியில், ‘கட்டியவரும் மதிப்பிட்டவரும்: சத்தியபாய், குலசேகரம்’ என்று போட்டு அனுப்பினாள்.

புதன்கிழமை கம்பெனியிலிருந்து பதில் வந்தது. பெபிஷா துள்ளிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள்.

“மாமி! இவ்வளவு நுணுக்கமா யாரும் எழுதுனதில்லையாம். இனிமே நம்ம ரெண்டு பேருமே சேந்து செய்யணுமாம். அடுத்தது எது வேணும்னு உங்ககிட்டயே கேட்டிருக்கான். கப்பல் இருக்கு, கோட்ட இருக்கு, ரயில் இருக்கு. எதுன்னு சொல்லுங்க!”

சத்தியபாய் அடுப்பைத் தணித்துவிட்டுக் கையை முந்தானையில் துடைத்தாள். மருமகளின் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

“எதுன்னாலும் சரிதான் மக்கா. இதப்போல எழுத்தே இல்லாம, வெறும் படமும் நம்பரும் மட்டும் உள்ள புஸ்தகமா பாத்து வாங்கு. எழுத்தறியாத நான், இந்த நாப்பத்தெட்டு வயசுல, முதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிச்ச ஒரே புஸ்தகம் இதுதான்.”