செல்லப்பாண்டி டீ குடித்த கதை

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போது தரமாட்டேன், கடைசி வரி வரைக்கும் காத்திருங்கள்.

ஒரு டிராவல்ஸ் ஆபீஸ். அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டர், அதோடு வயரில் இணைந்த பிரிண்டர், யார் குரலிலும் பேசும் ஸ்பீக்கராகிய நான். காலையில் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. சாயங்காலத்துக்குள் அதிலிருந்து பிரிண்ட் வராவிட்டால் கடைக்கே திருப்பி அனுப்புவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

"அண்ணே, உங்க பிரிண்டரை நானும் பயன்படுத்திக்கவா?" என்றது புதுசு.

"தாராளமா. ஆனா நம்ம ரெண்டு பேருக்கும் வெர்ஷன் வேற. உனக்குத் தோதான டிரைவர் என்கிட்ட இல்லப்பா" என்றது பழசு.

காலையிலிருந்து கார் டிரைவர்களின் பெயர்களையே பதிந்துகொண்டிருந்த புதுசு, "டிரைவர்தானே? நம்ம செல்லப்பாண்டி சும்மாதான் இருக்கார், வரச் சொல்றேன்" என்றது.

விடுவேனா? செல்லப்பாண்டியின் கட்டைக் குரலில், "தம்பி, டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்றேன். அவ்வப்போது ஹாரனும் அடித்தேன். "வந்துட்டே இருக்கார்" என்று புதுசு கெத்தாக எல்லாரிடமும் சொன்னது.

சாயங்காலம், புதுசைத் திருப்பி அனுப்ப அட்டைப்பெட்டி மேஜைக்கு வந்தது. எனக்கே பாவமாகிவிட்டது.

"தம்பி, நான் வண்டிதான் ஓட்டுவேன்" என்றேன், அதே கட்டைக் குரலில். "பிரிண்டரை ஓட்டுற டிரைவர் ஒரு சாஃப்ட்வேர். உன் வெர்ஷனுக்கு உள்ளதை நெட்ல இறக்கிக்க."

புதுசு இறக்கிக்கொண்டது. பிரிண்டர் உறுமியது. வெளியே வந்த முதல் காகிதத்தில் பெரிய எழுத்தில் இருந்தது:

"ஸ்பீக்கர் அண்ணே, டீ குடிச்சாச்சா?"